கூன் ஷோ எனக்கு வசப்படவில்லை: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

மணிக்கூண்டு:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாகப் பிபிசியின் பழைய வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியான கூன் ஷோவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று பகுதிகள் முடித்துவிட்டேன். காலையில் பஸ்ஸில் அலுவலகம் போகும்போதுதான் கேட்கிறேன். நான்கு பேர் ஒரே மூச்சில் பேசுகிறார்கள், யாரோ தடதடவென்று ஓடுகிறார்கள், ஏதோ வெடிக்கிறது, அரங்கில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் அழைப்பிதழ் இல்லாமல் நிற்பவளைப் போல நான் நிற்கிறேன். நாள் முழுவதும் ஆங்கிலத்தில்தான் வேலை பார்க்கிறேன், சொற்கள் புரிகின்றன. சிரிப்புதான் வரவில்லை.

விட்டுவிடவும் மனமில்லை. இதை எழுதிய ஸ்பைக் மில்லிகன் 1918இல் நம் அகமத்நகரில் பிறந்தவர், பூனாவிலும் ரங்கூனிலும் வளர்ந்தவர் என்று படித்ததிலிருந்து ஒரு பிடிப்பு வந்துவிட்டது. இன்னொரு காரணம் என் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் போடும்போது விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பவர் அவர். திரையரங்கில் பார்த்த படத்தையே கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பார்ப்பார். அந்தக் காது எனக்கு இல்லையோ என்று ஒரு வருத்தம். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய அலைவரிசை:

அம்மா, முதலில் பஸ்ஸில் கேட்பதை நிறுத்துங்கள். வண்டியின் இரைச்சலில் பாதி போய்விடும், அந்தப் பாதிதான் முக்கியமான பாதி. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, கையில் வேறு வேலை எதுவும் இல்லாமல் கேளுங்கள்.

முழு நிகழ்ச்சியில் தொடங்கவும் வேண்டாம். 1957இல் வந்த ஒரு பகுதியில் இரண்டு முட்டாள்கள் மணி என்ன என்று பேசிக்கொள்ளும் சிறு காட்சி இருக்கிறது. புளூபாட்டில் என்ற பையன் மணி கேட்கிறான். எக்கிள்ஸ் எட்டு மணி என்கிறான். எப்படித் தெரியும் என்றால், காலையில் ஒரு நல்ல மனிதரிடம் கேட்டேன், அவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார் என்கிறான். யாராவது மணி கேட்டால் அதை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவானாம். புளூபாட்டில் மலைத்துப்போகிறான். அந்தக் காகிதத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்க்கிறான். ஓடவில்லை! எக்கிள்ஸ் கலங்கிப்போகிறான், போலியை என் தலையில் கட்டிவிட்டார்களே என்று.

இதைத் தமிழில் சொன்னாலும் துளியும் குறையவில்லை, பார்த்தீர்களா? சொல்லை வைத்து விளையாடும் இடம் ஒன்றுகூட இதில் இல்லை. எக்கிள்ஸின் உலகத்தில் காகிதம்தான் கடிகாரம். அதை ஏற்றுக்கொண்டுவிட்டால், கடிகாரம் என்றால் ஓட வேண்டும், ஓடாவிட்டால் பழுது என்பது பிசகில்லாத நியாயம். மில்லிகனின் எழுத்து முழுக்க இப்படித்தான். பைத்தியக்காரத்தனமாக ஒன்றைத் தொடங்குவார், பிறகு கணக்கு வாத்தியாரைப்போல் ஒரு படியும் தவறாமல் அதை நடத்திக்கொண்டு போவார். அந்த முதல் படியில் நீங்கள் மறுக்காமல் ஏறிவிட வேண்டும்.

இன்னொன்று: ஆட்களை அறிந்துகொள்ளுங்கள். ஹாரி சீகோம்ப் என்ற நடிகருக்குப் பெரும்பாலும் ஒரே பாத்திரம்தான், நெடி சீகூன். எந்த மோசடியையும் நம்பிக் கையெழுத்துப் போடுகிற உத்தமன். அவனை ஏமாற்றுவது கிரிட்பைப் தின் என்ற குழைவான குரல்காரன், நடிப்பது பீட்டர் செல்லர்ஸ். அவனுக்கு ஒத்தாசை மொரியார்ட்டி, நடிப்பது மில்லிகன். கோழை ராணுவ அதிகாரி மேஜர் பிளட்நாக், தள்ளாத கிழவர் ஹென்றி கிரன், சிறுவன் புளூபாட்டில் மூன்று பேரும் செல்லர்ஸ். கிரனுடன் ஓயாமல் வாய்ச்சண்டை போடும் மின்னி பானிஸ்டரும் எக்கிள்ஸும் மில்லிகன். நான்காவது ஆளாக இருந்த மைக்கேல் பென்டைன் தொடக்க ஆண்டுகளிலேயே விலகிவிட்டார். ஆகவே நீங்கள் கேட்கும் கூட்டம் மூன்றே பேர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள், குழப்பம் பாதியாகிவிடும்.

ஒலிக்கூடம்:

பழைய அலைவரிசை ஐயா எழுத்தைச் சொன்னார். நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருபது ஆண்டுகள் இருப்பவன், அதனால் ஒலியைச் சொல்கிறேன்.

அன்று ஒலிவிளைவு இரண்டு வகை. ஒன்று, ஏற்கெனவே பதிந்து வைத்த இசைத்தட்டு: ரயில், கடல், குண்டு. தட்டின் எந்தப் பள்ளத்தில் எந்த ஓசை தொடங்குகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, சரியான நொடியில் ஊசியை இறக்குவார்கள். மற்றொன்று, ஒலிவாங்கி முன்னால் கையாலேயே செய்வது: கதவு, பூட்டு, சரளைக்கல் தட்டில் நடை, தேங்காய்ச் சிரட்டையில் குதிரைக் குளம்பு. நாடகங்களில் இவையெல்லாம் சுவரும் தரையும்போலப் பின்னால் இருந்துகொள்ளும். மில்லிகன் அவற்றைப் பிடித்து நடுமேடையில் நிறுத்தினார். அவருக்கு ஓசையும் ஒரு நடிகர். கதவு திறக்கும், ஒருவர் வருவார், நடப்பார், நடப்பார், நடந்துகொண்டே இருப்பார். முதல் நாலடிக்கு அது சாதாரண நடை. பத்தாவது அடியில் யாரோ ஒருவர் சிரிப்பார். இருபதாவது அடிக்கு அரங்கம் முழுவதும் சிரிக்கும். அந்த அறை எத்தனை பெரியது என்று ஒவ்வொருவரும் மனத்திற்குள் கட்டிக்கொண்டே போகிறார்கள். கட்டியது அவர்கள்தான், வானொலி கொடுத்தது காலடி ஓசை மட்டும்.

அவர் ஒலிக்காக எவ்வளவு மல்லுக்கட்டினார் என்பதற்கு ஒரு கதை பலகாலமாக உலவுகிறது. பொத்தென்று எதுவோ வந்து மோதும் ஈரமான ஓசை அவருக்கு வேண்டியிருந்தது. பிபிசி உணவகத்திற்குப் போய் அங்கிருந்த அம்மாவிடம் கஸ்டர்டு செய்து தரக் கேட்டார். அவர் பாவம், நல்ல பதமாகச் செய்து ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தார். மில்லிகன் காலுறையைக் கழற்றி அந்தக் கஸ்டர்டை அதற்குள் ஊற்றி, சுழற்றிச் சுவரில் அடித்தார். ஒலி அவர் நினைத்தபடி வரவில்லை என்பதுதான் கதையின் முடிவு. எனக்கு அந்த முடிவு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் எங்கள் தொழிலில் உண்மையான பொருளின் ஓசை உண்மையாக ஒலிப்பது அபூர்வம். மழை வேண்டுமென்றால் மழையைப் பதிந்தால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் இருக்கும்.

1958இல் பிபிசி ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் என்ற ஒலிச் சோதனைக் கூடத்தைத் தொடங்கியது. பின்னாளில் மின்னணு இசைக்குப் பேர்போன அந்தக் கூடத்தின் தொடக்க வேலைகளில் ஒன்று மேஜர் பிளட்நாக்கின் வயிற்றுக் கோளாறுக்கு ஓசை செய்து கொடுத்தது. ஒலிநாடாவை வெட்டி, ஒட்டி, வேகம் மாற்றி, கொதிப்பும் குமுறலும் வெடிப்புமாக ஒரு சில நொடிகளுக்குச் செய்திருக்கிறார்கள். நல்ல ஒலிபெருக்கியில் அதைக் கேளுங்கள். நான் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே அதைப் போட்டுக் காட்டுகிறேன்.

மணிக்கூண்டு:

நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு அந்த மணிக் காட்சியைக் கேட்டேன். காகிதத்தைக் காதில் வைக்கும் இடத்தில் ஒரு கணம் இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். அந்த மௌனத்தில் எனக்கு அந்தக் காகிதம் தெரிந்தது. நாலாக மடித்து, ஓரம் கசங்கி, பென்சிலில் எட்டு என்று எழுதிய சீட்டு. யாரும் அப்படி வர்ணிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்து அறையிலிருந்து அப்பா எழுந்து வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் என் நன்றி.

ஞாயிறு மாலை:

கூன் ஷோவை மறுப்பதற்காக வரவில்லை. ஆனால் புதிதாக வருபவருக்கு வாசல் அதுதானா? நானாக இருந்தால் ரவுண்ட் த ஹோர்னில்தான் தொடங்கச் சொல்வேன். 1965 முதல் 1968 வரை, நான்கு தொடர்கள், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையையொட்டிக் குடும்பம் மொத்தமும் கேட்ட நிகழ்ச்சி. நடுவில் கென்னத் ஹோர்ன் என்ற பெரிய மனிதர். நெடுநாள் வணிக நிறுவனங்களில் உயர்பதவியில் இருந்துகொண்டே வானொலிக்கும் வந்தவர். அவருடைய குரல் நன்கு வெளுத்து இஸ்திரி போட்ட வேட்டி போன்றது. சுற்றிலும் கென்னத் வில்லியம்ஸ், ஹியூ பாடிக், பெட்டி மார்ஸ்டன், பில் பெர்ட்வீ. எழுத்து, முதல் மூன்று தொடர்களுக்கும், பாரி டுக்கும் மார்ட்டி ஃபெல்ட்மனும். கூனில் உலகமே சரிந்துகிடக்கும். இங்கே ஹோர்ன் நேராக நிற்பதால் மற்றவர்களின் சரிவு தெரியும். காது பழகுவதற்கு அது எளிது.

நான் தமிழாசிரியை. எங்கள் இலக்கணத்தில் தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும் யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டு என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். ஜூலியன், சாண்டி என்ற இரண்டு பாத்திரங்களை முதன்முதலாகக் கேட்டபோது, நன்னூல் நூற்பா உயிரோடு எழுந்து வந்து பேசுவதைப்போல் இருந்தது.

பாடிக்கும் வில்லியம்ஸும் நடித்த இந்த இருவரும் தன்பால் ஈர்ப்புடையவர்கள். வாராவாரம் ஒரு புதுத் தொழில் தொடங்குவார்கள், ஹோர்ன் வாடிக்கையாளராகப் போவார். அவர்கள் பேசுவது போலாரி. நாடகக்காரர்கள், கப்பலோட்டிகள், தெருக்கூத்தாடிகள் வழியாக வந்து, அன்றைய ஆண் தன்பாலீர்ப்பாளர்களிடையே காவல் மொழியாக இருந்தது. போனா என்றால் நல்லது. ஓமி என்றால் ஆண். முகத்துக்கு ஈக், முகம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, பிறகு தேய்த்துக் குறுக்கியது. ஏன் இத்தனை மறைப்பு? ஆண்கள் இருவரின் தனிப்பட்ட உறவே அப்போது இங்கிலாந்தில் குற்றம். 1967இல்தான், அதுவும் இருபத்தொரு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், தனியிடத்தில் மட்டும், சட்டம் தளர்ந்தது. நிகழ்ச்சி தொடங்கியது 1965இல். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் இருவரும் வழக்கறிஞர்களாக இருப்பார்கள். தங்கள் வழக்கை எடுத்துக்கொள்வீர்களா என்று ஹோர்ன் கேட்பார். எங்களுக்கு ஒரு கிரிமினல் பிராக்டிஸ் இருக்கிறது, நேரமெல்லாம் அதற்கே போய்விடுகிறது என்பது பதில். பிராக்டிஸ் என்றால் வக்கீல் தொழில், வழக்கமாகச் செய்யும் காரியம் என்றும் பொருள். சிறுபிள்ளை அதைக் கேட்டால் வக்கீல் தொழில் என்று போய்விடும். தெரிந்தவர்களுக்கோ, தங்களைச் சிறையில் தள்ளக்கூடிய சட்டத்தின் பெயரைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மதியம், பிபிசி வானொலியில், இரண்டு பேர் நிம்மதியாகச் சிரிக்கிறார்கள். சிலேடைக்கு இதைவிடப் பெரிய வேலை எதையும் நான் பார்த்ததில்லை. அவர்களை யாரும் அங்கே அடக்குவதில்லை, திருத்துவதில்லை. ஹோர்ன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தோற்றுத் திரும்புகிறவர்களாகவும் அவர்களைக் காட்டவில்லை. பார்வையாளர்கள் அந்த இருவரையும் வரவேற்றுக் கைதட்டும் ஓசையைக் கேளுங்கள், அன்பு தெரியும்.

1969 பிப்ரவரியில் ஒரு விருது விழா மேடையில் ஹோர்ன் சரிந்து இறந்தார். அவர் இல்லாமல் நிகழ்ச்சியைத் தொடர வழியில்லை. நடுத்தூண் அவர்தான்.

வடக்குவாசல்:

எல்லோரும் புகழ்கிறீர்கள். ஒரு மாற்றுக் குரலுக்கும் இடம் கொடுங்கள்.

நான் லண்டனில் வளர்ந்தவன். கூன் ஷோவில் மில்லிகனும் செல்லர்ஸும் லால்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியர்களாக வந்து, ஆங்கிலத்தைத் தாறுமாறாகப் பேசுவார்கள். எனக்கு அது வெறும் ஒலி அல்ல. நான் படித்த பள்ளியில் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சிலிருந்து அதே குரல் வரும், தலையை ஆட்டிக்கொண்டே. நான் வாய் திறப்பதற்கு முன்பே எனக்காக யாரோ பேசிவிடுவார்கள். அந்தப் பையன்கள் கூன் ஷோவைக் கேட்டவர்கள் அல்லர், ஆனால் அந்தக் குரல் எந்தக் காற்றில் இருந்து அவர்களுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். இசைக்குழுவோடு பாடிய ரே எலிங்டன் லண்டனில் பிறந்த கறுப்பினக் கலைஞர். அவருடைய நிறத்தைத் தொட்டு எத்தனை வெடிகள்! அங்கே ஹார்மோனிகா வாசித்த டச்சுக்காரர் மாக்ஸ் கெல்ட்ரேயின் மூக்கைத் தொட்டு எத்தனை! காலடி ஓசையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறவர்கள் இதையும் பேசினால்தான் நியாயம்.

பழைய அலைவரிசை:

தம்பி, சொல்வது நியாயம். எனக்கும் அந்த இடங்களில் நெருடல் உண்டு, அவற்றை மறைத்துவிட்டுப் புகழ்ந்தது என் தவறு.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், சமாதானமாக அல்ல. மில்லிகனின் அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர். பிள்ளை பூனா கடைவீதியில் கேட்ட பேச்சு அது. பதின்ம வயதில் கப்பலேறி இங்கிலாந்து போனபோது, வெயிலும் வேலைக்காரர்களும் திறந்தவெளியும் போய், மழையும் நெருக்கமான வீடும் வறுமையும் வந்தன. இந்தியாவை அவர் கடைசிவரை ஏங்கியே பேசினார். ஆகவே அந்தக் குரல்களில் ஏக்கமும் இருக்கிறது, ஆளும் வர்க்கத்துப் பிள்ளையின் மேட்டிமையும் இருக்கிறது. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய நான் தயாரில்லை.

ஆனால் நிகழ்ச்சியின் பெரிய அடி யார்மேல் விழுகிறது என்றும் பாருங்கள். பிளட்நாக் யார்? பதக்கம் தரித்த ராணுவத் தளபதி. எதிரி வந்தால் ஓடுவான், படையின் பணப்பெட்டியைத் திருடுவான். கிரிட்பைப் தின் யார்? மேட்டுக்குடிப் பள்ளியில் படித்த குரல், ஆனால் அன்றாடம் ஏமாற்றிப் பிழைக்கிறான். போரில் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்து, இத்தாலியில் குண்டடிபட்டு நரம்பு தளர்ந்து வந்த ஒருவர், தன்னை ஏவிய அதிகாரிகளின் குரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து பிபிசி ஒலிவாங்கி முன் நிறுத்தினார். அதே பிபிசியின் உண்மையான அறிவிப்பாளர் வாலஸ் கிரீன்ஸ்லேடையும் அதே கூத்துக்குள் இழுத்துவிட்டார்.

வடக்குவாசல்:

ஐயா, இந்தப் பதில் எனக்குப் போதும். பிளட்நாக்கை நானும் ரசிப்பவன்தான். அதனால்தான் லால்காகா வரும்போது வலிக்கிறது. பிடிக்காத நிகழ்ச்சியாக இருந்தால் அணைத்துவிட்டுப் போயிருப்பேன்.

தெருவிளக்கு:

இன்னும் பின்னால் போக வேண்டும் என்பது என் கருத்து. இட்ஸ் தட் மேன் அகெய்ன், சுருக்கமாக இட்மா என்ற பிபிசி வானொலி நகைச்சுவை நிகழ்ச்சி இல்லாமல் இவர்களில் யாரும் இல்லை. 1939இல் தொடங்கி, போர்க்காலம் முழுவதும் ஓடி, நாயகன் டாமி ஹேண்ட்லி 1949 ஜனவரியில் இறந்ததோடு நின்றது. குண்டுவீச்சுக்குப் பயந்து பிபிசியின் கேளிக்கைப் பிரிவையே முதலில் பிரிஸ்டலுக்கும் பிறகு வேல்ஸில் பாங்கோருக்கும் மாற்றினார்கள். நிகழ்ச்சியும் மூட்டைகட்டிக்கொண்டு கூடவே போனது.

இன்று கேட்டால் சிரிப்பு குறைவாகத்தான் வரும், ஒப்புக்கொள்கிறேன். அந்தந்த வாரச் செய்தியை வைத்துச் சுடச்சுட எழுதியவை; பங்கீட்டு அட்டையும் இருட்டடிப்பும் தெரியாதவருக்கு ஆறிப்போன காபி. நீங்கள் கேட்க வேண்டியது கதவை. ஹேண்ட்லி பேசிக்கொண்டிருப்பார், கதவு திறக்கும், ஒருவர் வருவார், தன் முத்திரை வசனத்தைச் சொல்வார், நாலு வரி பேசுவார், கதவு மூடும். அடுத்தவர். கூட்டிப் பெருக்க வரும் மிஸஸ் மாப், எந்த வாக்கியத்திலும் தனக்கு மது ஊற்றித் தருவதாகவே காதில் வாங்கிக்கொள்ளும் கர்னல் சின்ஸ்டிராப், தொலைபேசியில் வரும் ஜெர்மன் உளவாளி ஃபுன்ஃப். கடைசி இருவருமே ஜாக் டிரெயின். ஃபுன்ஃபின் அந்த உள்ளடங்கிய குரலை அவர் எப்படிக் கொண்டுவந்தார் தெரியுமா? வெறும் கண்ணாடித் தம்ளருக்குள் வாயை வைத்துப் பேசினார். போர் நடந்துகொண்டிருக்கும்போது, நாடே நடுங்கும் உளவாளியை ஒரு தம்ளருக்குள் போட்டார்கள்.

முத்திரை வசனத்தைச் சோம்பேறித்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வானொலியில் முகம் இல்லை, உடை இல்லை. வந்தவர் யார் என்று ஒரு நொடியில் தெரிந்தாக வேண்டும். கூத்தில் கட்டியங்காரன் வந்து சொல்வதை இங்கே அவரவரே சொல்லிக்கொள்கிறார்கள். கூன் ஷோவின் புளூபாட்டில் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனான்: தனக்கு எழுதிய மேடைக் குறிப்புகளையும் சேர்த்து வாசித்துவிடுவான். இடப்பக்கம் நகர்கிறான், கைதட்டலுக்காகக் காத்திருக்கிறான், என்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்வான். கண்ணால் பார்க்கும் மேடையில் அந்த நகைச்சுவை செத்துப்போகும்.

ஒலிக்கூடம்:

தெருவிளக்கு, கதவைப் பற்றிச் சொன்னீர்களே, கைகொடுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: எல்லோரும் எந்தப் பதிவைக் கேட்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

அன்று வானொலி என்பது காற்றோடு போவது. ஒலிபரப்பியதையெல்லாம் சேர்த்து வைக்க வேண்டும் என்று பிபிசி நினைக்கவில்லை. 1951 மே மாதம் கூன் ஷோ வேறொரு பெயரில் தொடங்கியது. அந்த முதல் ஆண்டுகளின் பதிவுகள் அநேகமாக இல்லை. பிற்காலத்தவை பிழைத்ததற்குப் பெரிய காரணம் வெளிநாட்டு விற்பனை. பிபிசியின் டிரான்ஸ்கிரிப்ஷன் பிரிவு நிகழ்ச்சிகளை இசைத்தட்டாக்கிப் பிற நாட்டு வானொலிகளுக்கு அனுப்பியது. பழைய எழுத்துப்படிகள் சிலவற்றை 1957-58இல் இதற்காகவே மறுபடி நடித்துப் பதிந்தார்கள். ஆனால் ஏற்றுமதிக்கு முன்னால் கத்தரி போட்டிருக்கிறார்கள். நேரத்துக்காக, அன்றைய அரசியல் சீண்டலுக்காக, கொஞ்சம் பச்சையான இடங்களுக்காக. பின்னாளில் டெட் கெண்டல் என்ற ஒலிப்பொறியாளர் கிடைத்த நாடாக்களையும் தட்டுகளையும் ஒப்பிட்டு, வெட்டிய துண்டுகளைப் பொருத்தி, கீறலும் இரைச்சலும் நீக்கி மீட்டெடுத்தார். ஒரு வரியின் நடுவில் அரங்கத்தின் எதிரொலி மாறாமல் இரண்டு வேறு மூலங்களை ஒட்டுவது எவ்வளவு பாடு என்று என் போன்றவர்களுக்குத் தெரியும். அவர் மீட்ட பதிவைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். மணிக்கூண்டு கேட்ட அந்த மௌனம், மோசமான பதிவில் வெறும் கரகரப்பு.

ஞாயிறு மாலை:

ஒலிக்கூடம், அந்த மௌனங்களை எழுதியவர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு மாதம், வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி. லாரி ஸ்டீபன்ஸும் எரிக் சைக்ஸும் உடன் எழுதியதுண்டு, என்றாலும் பெரும் பாரம் மில்லிகன் தலையில். 1952 இறுதியில் மனம் முறிந்து மருத்துவமனைக்குப் போனார். தொடரில் பல வாரங்கள் அவர் இல்லை. வாழ்நாள் முழுவதும் அந்த நோய் விட்டு விட்டு வந்தது. பிற்காலத்தில் அதைப் பற்றி ஒளிக்காமல் பேசினார்.

பைத்தியம்தான் மேதையைத் தந்தது என்று சிலர் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நோயாகக் கிடந்த வாரங்களில் அவரால் எழுத முடியவில்லை. எழுதியது நோய் அல்ல, எழுந்து உட்கார்ந்த மனிதர். 2002இல் இறந்தார், விஞ்செல்சீ தேவாலயத்துக் கல்லறைக் கல்லில், நான் நோயாளி என்று முன்பே சொன்னேனே என்ற வரி ஐரிஷ் மொழியில் இருக்கிறது. பலரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அரை நூற்றாண்டு அவர் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

மணிக்கூண்டு:

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருடைய பதிவுகளையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். ஜூலியனும் சாண்டியும் எனக்கு உடனே வசப்பட்டுவிட்டார்கள். லால்காகா வரும் பகுதியை வடக்குவாசல் எழுதியதை நினைத்துக்கொண்டே கேட்டேன். என்னாலும் சிரிக்க முடியவில்லை.

நேற்று இரவு ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன். 1955இல் வந்த நெப்போலியன் பியானோ பகுதியைப் போட்டிருந்தேன். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் பியானோவை நகர்த்த ஐந்து பவுண்டு கூலி என்று சீகூன் கையெழுத்துப் போடுகிறான். பிறகுதான் தெரிகிறது, ஒரு அறை பிரான்சில், மற்றொன்று இங்கிலாந்தில். அப்பா வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் பழக்கமில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: ஏமாந்த மனிதர் ஒருவர், பெரிய பியானோ, அதைக் கொண்டுபோக வேண்டும். விளக்கை அவரே அணைத்தார்.

காலடி ஓசை வந்தபோது, இது மரத்தரை, என்றார். கிரிட்பைப் தின் பேசத் தொடங்கியதும், இவன்தானே ஏமாற்றுகிறவன், என்றார். நான் சொல்லவே இல்லை. பியானோ கடலில் இறங்கியது. அலையோசைக்கு நடுவில் அவர்கள் பேச்சு நடக்க, அப்பா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார், நாற்காலி கிறீச்சிட்டது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. போனிலும் சார்ஜ் இல்லை, படுத்துவிட்டோம்.

காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, அந்தப் பியானோ கரை சேர்ந்ததா என்று கேட்டார். கதையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். வேண்டாம், ராத்திரி போடு, என்று சொல்லிவிட்டார்.